மூடி எண்ணுகிறவர்

"பீடியக் கீழ போடு. மிதி. இன்னொரு தபா மிதி."

வண்டி நின்றுபோய் வந்தவர் மிதிப்பார். மிதிக்கச் சொன்ன மரியஜோசப்பின் பீடி மட்டும் காதிலேயே செருகியிருக்கும். அது பற்றவைக்காத பீடி. பிறகு கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வந்தவரின் கடிகாரமும் அதே பைக்குள் போகும். அதற்கப்புறம்தான் பானெட் திறக்கும்.

திறந்ததும் பேட்டரியின் தலையிலிருக்கும் மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். மூடிக்கு இரண்டு வோல்ட். ஆறு மூடி என்றால் பன்னிரண்டு, மூன்று என்றால் ஆறு.

"பன்னண்டுதான்ணே. நான் ஓட்டற வண்டி எனக்குத் தெரியாதா?" என்பார் டிரைவர்.

"உனுக்குத் தெரியும். பேட்டரிக்குத் தெரிணுமே."

பெரும்பாலும் டிரைவர் சொன்னதே சரியாக இருக்கும். அதில் மரியஜோசப்புக்கு லேசான ஏமாற்றம் உண்டு. "சரியாத்தான் சொல்லிகிறான்" என்று முணுமுணுத்துவிட்டு, கரண்ட் கொடுக்கப்போகிற வண்டியின் பக்கம் போய் அங்கேயும் எண்ணுவார்.

படப்பையில் பேட்டரிக் கடை. சார்ஜ் ஏற்றுவது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, நின்றுபோன வண்டிக்கு இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவது. கேபிள் வெல்டிங் ஒயரில் அவரே செய்தது. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. இரவல் கிடையாது. தூங்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார் என்பது அவர் மனைவி பிலோமி ஊருக்குச் சொன்னது.

வலது புருவம் பாதிதான். மீதி, வாயில் பீடியோடு சார்ஜில் இருந்த பேட்டரிக்குள் எட்டிப் பார்த்து, அதிலிருந்து கிளம்பிய வாயு பற்றிக்கொண்ட அன்றைக்குப் போனது. அதனால்தான் கடைசி கிளிப்பை அவர் பேட்டரியில் மாட்டுவதில்லை. தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டுவார். பொறி அங்கேதான் பறக்கும். அந்த நேரம் முகத்தை இடப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொள்வார். கசப்பு மருந்தை விழுங்குகிறவரைப் போல இருக்கும்.

தொண்ணூற்றொன்றில், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் மகள் ரோஸிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சாம்ராஜ் மண்ணூர்க்காரர், கம்பெனியில் ஷிப்ட் வேலை. மண்ணூர்க் கோயிலில் பத்து மணிப் பூசை. நேரம் தவறினால் குன்றத்தூரில் ஓர் அடக்கத்துக்குப் போய்விடுவேன், கல்யாணம் மறுநாள்தான் என்று பங்குச் சாமியார் முன்னாலேயே சொல்லியிருந்தார். பிரியாணி அடுப்பில் ஏறிவிட்டது. உறவுக்காரர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள். பெண்ணும் பெற்றோரும் வாடகை அம்பாசடரில் வந்தார்கள்.

ஒரகடம் கூட்ரோட்டில் டிரைவர் திருமலை வெற்றிலை வாங்க வண்டியை நிறுத்தினான். திரும்ப வந்து சாவியைத் திருகினான். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் காருக்குப் பூச்சுற்றியவர்கள் காரின் டேப்ரிக்கார்டரைப் பாட விட்டுப் பேட்டரியைக் கரைத்திருந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள். மழைச் சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனதே தவிர, எஞ்சின் பிடிக்கவில்லை.

தாம்பூலப் பையிலிருந்து மரியஜோசப் கேபிளை எடுத்தார்.

"கல்யாணத்துக்குமா இத்த எடுத்துகினு வந்தே?" என்றாள் பிலோமி.

அவர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆறு மூடிப்பா" என்றது பின்சீட்டிலிருந்து ரோஸியின் குரல். "ஏறும்போதே எண்ணிட்டேன்."

"வெள்ளப் பட்டோட பானெட்டத் தொறந்தியாடி?" என்றாள் பிலோமி.

மரியஜோசப் மகளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பெருமை தெரிந்தது. பிறகு பானெட்டைத் திறந்து மறுபடி எண்ணினார். ஆறு.

ஆனால் கை அங்கேயே நின்றுவிட்டது. பேட்டரிக்கு ஆயுத பூஜை நடந்திருந்தது. மேலெல்லாம் சந்தனம், இரண்டு முனையிலும் அப்பிய குங்குமம். பிளஸ்ஸும் சிவப்பு, மைனஸ்ஸும் சிவப்பு.

"இன்னாடா இது?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ண வுட்டா இன்னா மரியாதைண்ணே?" என்றான் திருமலை.

"நீயே தொட. நான் தொடச்சா, நாளைக்கு இன்னா ஆனாலும் வேதக்காரன் பொட்டழிச்சான்னுவ."

திருமலை துடைத்தான். குங்குமமும் சந்தனமும் குழைந்து இன்னும் பரவின. அடியில் குறி தேய்ந்துபோயிருந்தது.

அந்த நேரம் ஜல்லி லாரி ஒன்று டீக்கடையில் நின்றது. டிரைவர் எல்லப்பன் இறங்கி வந்து பார்த்தார். "பாடிக்குப் போற ஒயரு மைனஸ்ஸு. கறுப்ப அதுல மாட்டு நைனா."

"பழைய அம்பாசடர்ல பிளஸ்ஸுதான் பாடிக்குப் போவும். புதுசுல மைனஸ்ஸு. இது ரெண்டுக்கும் நடுவுல பொறந்த வண்டி" என்றார் மரியஜோசப்.

"அப்ப பொண்ண லாரில ஏத்து. நான் வுட்டுர்றேன்."

"ஜல்லி மேலயா?" என்றாள் பிலோமி. "ரோஸிப்பா, எதுனா ஒண்ண மாட்டித் தொலையேன். சாமியாரு கெளம்பிருவாரு."

அவர் கேபிளைக் கையில் எடுத்தார். ஒரு கணம் மாட்டிவிடுவார் போலத்தான் இருந்தது. மாற்றி மாட்டினால் பேட்டரி வெடிக்கலாம். பின்சீட்டில் இருந்த மகளைப் பார்த்தார். கேபிளைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.

திரும்பும்போது கையில் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர். பேட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய கம்பிகளை இழுத்து, ஒன்றோடொன்று படாமல் தண்ணீரில் விட்டார். டீக்கடையே வந்து டம்ளரைச் சுற்றி நின்றது. ஒரு கம்பியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின.

"நொர வர்றது மைனஸ்ஸு. அதான் பாடிக்குப் போவுது" என்றார்.

"அதான நானும் சொன்னேன்" என்றார் எல்லப்பன்.

"சொன்ன. சரியாத்தான் சொன்ன."

லாரியில் இரண்டு பேட்டரிகள். மூடிகள் பன்னிரண்டு, வோல்ட் இருபத்துநான்கு. அப்படியே கொடுத்தால் கார் தாங்காது. லாரி எஞ்சினை அணைக்கச் சொல்லி, பாடியோடு சேர்ந்திருந்த ஒரே ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டினார். லாரியும் காரும் எங்கும் உரசவில்லையா என்று நடுவில் கையை விட்டுப் பார்த்தார். சிவப்பு இங்கே, சிவப்பு அங்கே. கறுப்பு லாரியில். மிச்சம் ஒரு கிளிப்.

எஞ்சின் இரும்பின் அருகே அதைக் கொண்டுபோனவர் முகத்தை இடப்பக்கம் திருப்பினார். திருமலையும் திருப்பினான். எல்லப்பனும், கண்ணாடி டம்ளர்களோடு நின்றவர்களும் திருப்பினார்கள். சின்னதாக ஒரு பொறி. சாவி திரும்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏறுய்யா!" என்றாள் பிலோமி. கடைசியில் மாட்டியதை முதலில் கழற்றி, தலைகீழ் வரிசையில் நான்கு கிளிப்புகளையும் எடுத்து, கேபிளைச் சுருட்டிய பிறகுதான் ஏறினார்.

மண்ணூரில் சாமியார் குடையோடு வாசலில் நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் குடையை மணியடிக்கும் கோயில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினார்.

பீடத்துக்கு முன்னால் பெண்ணின் தகப்பனைக் கூப்பிட்டார்கள். மரியஜோசப்பின் விரல் நுனிகளில் குங்குமம் இருந்தது. வேட்டியில் துடைத்தார், போகவில்லை. ஒரு கையில் மகளின் கையை எடுத்தார். இன்னொரு கையில் சாம்ராஜின் கையை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தவர், சேர்ப்பதற்கு முன் முகத்தை இடப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.