துடைத்தெடுத்த எண்ணெய்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணிக்கே எல்லோரும் எல்லோருக்கும் டார்லிங் ஆகிவிடுகிறோம். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இதற்கென்றே ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். கட்டில் மட்டத்துக்குக் குனிய வேண்டும், தோளைத் தொட வேண்டும், குரலைக் குழைக்க வேண்டும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீடான லயத்தில் பிறந்தவளுக்குக் குழைந்த குரல் கேட்டாலே நம்பிக்கை வராது. எங்களிடம் ஒருவர் அப்படிப் பேசினால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். ஆனாலும் ஆறு வருடத்தில் அந்தக் குரல் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது.

போன மாதம் ஒரு காலை திருமதி பிரெனனுக்கு முகம் கழுவப் போனேன். தொண்ணூறு வயது அயர்லாந்துக்காரி, சில வாரமாகப் படுத்த படுக்கை. நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் மினுங்கியது. முதல்நாள் மாலை அவர் மகன் ஒரு பாதிரியாரோடு வந்துபோனதாகச் சொன்னார்கள். எனக்குப் பகீரென்றது. எங்கள் பக்கத்தில் ஆட்கள் வந்து படுத்திருப்பவருக்கு எண்ணெய் வைப்பது உயிர் போன பிறகுதான். பிரேதத்தைக் குளிப்பாட்டும்முன் ஒவ்வொருவராக வந்து புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைப்பார்கள். மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மனுஷிக்கு அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறானே என்று மகன்மேல் ஆத்திரம் வந்தது. வருடத்தில் இரண்டு தடவை வருவான். வாசலிலிருந்தே "மம்" என்று உருகுவான். என் கையையும் பிடித்துக்கொண்டு நீங்கள் தேவதை என்பான். அந்தக் கண்ணீரை நான் ஒருநாளும் நம்பியதில்லை. வெந்நீரில் துவாலையை நனைத்து நெற்றியையும் கைகளையும் அழுத்தித் துடைத்தேன்.

ஊரில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்று, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி கேட்டு அம்மா கண்டாக்கையா வீட்டு வாசலில் நின்றாள். மலையில் எங்களிடம் வேலை வாங்குகிறவர் அவர். அவர் வாய் திறந்தால்தான் லொறி அசையும். தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கேட்டாரோ இல்லையோ, மத்தியானத்துக்குள் அப்பா போய்விட்டார். மறுநாள் பிரேதம் எடுக்கும்முன் கண்டாக்கையாவும் வந்தார். மரியாதைக்காக அவரையும் எண்ணெய் வைக்கச் சொன்னார்கள். புறங்கையால் வைக்காமல், உள்ளங்கை நிறைய ஊற்றி அப்பாவின் தலையில் தேய்தேயென்று தேய்த்தார். எண்ணெய் காதுக்குள் வழிந்தது. "எங்கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தானே" என்று அழுதார். லயமே சேர்ந்து அழுதது. அம்மா மட்டும் அழவில்லை. அவர் நகர்ந்ததும் அப்பாவின் காதை முந்தானையால் துடைத்தாள்.

திருமதி பிரெனன் கண் விழித்து, என்ன செய்கிறாய் என்றார். சுத்தம் செய்கிறேன் டார்லிங் என்றேன். அது அழுக்கு இல்லை என்றார். என் இங்கிலீஷில் முட்டிமோதி, எங்கள் ஊரில் எண்ணெய் வைப்பது செத்தவர்களுக்கு, நீங்கள் சாகவில்லை என்று சொன்னேன். அவர் சாகப்போவதை நினைத்து நான் கலங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மெதுவாக விளக்கினார். நோயில் கிடப்பவருக்குத் தைரியம் வர அவர்கள் மதத்தில் வைக்கும் எண்ணெய் அது. வைக்கச் சொல்லிக் கேட்டதே தான்தான் என்றார்.

இடைவேளையில் போனில் தேடினேன். அங்க்ஷன் என்று ஒரு இங்கிலீஷ் சொல் வந்தது. எண்ணெய் பூசுவது என்று ஒரு பொருள். அக்கறைபோல வழியும் பேச்சு என்று இன்னொன்று. அகராதியே என் பக்கம் நிற்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் மகன் பேச்சை நம்புகிறீர்களா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் பேசுவான். எனக்கே பிடிக்காது. ஆனால் கூப்பிட்டேன், வந்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். இன்னமும் அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பிராவில் தனியாக இருக்கிறாள். இருமல் ஒரு மாதமாக விடவில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"எண்ணெ வைக்கவாச்சும் வந்துருவியா தாயி?"

என் விசா புதுப்பிக்கப் போயிருக்கிறது. முடிவு வரும்முன் இந்த நாட்டை விட்டுக் காலெடுத்து வைத்தால் எல்லாம் பாழ். அதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என் முதுகு தானாகக் குனிந்தது, குரல் தானாகக் குழைந்தது.

"கட்டாயம் வருவேம்மா. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

அந்தப் பக்கம் இருமல் வந்து அடங்கியது. பிறகு அம்மா சொன்னாள், "கண்டாக்கையா பேசுற மாதிரியே இருக்கு."

போனை வைத்துவிட்டு என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக இந்த ஊர்க் கிழவிகளுக்குக் கிரீம் பூசிப் பூசி உள்ளங்கை மெத்தென்று இருந்தது. எண்ணெய் வைக்க வேண்டிய புறங்கை காய்ந்து வெடித்திருந்தது.