நடு ஆற்றில் நின்று போனுக்கு மார்க் போட்டவர்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் நடந்தது இது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில் எனக்கு வேலை. என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். புதிதாக செல்போன் வாங்கியவர்களைக் கூப்பிட்டு, போன் திருப்தியாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்கிற வேலை. கேமராவுக்கு எத்தனை, பேட்டரிக்கு எத்தனை, சத்தத்துக்கு எத்தனை என்று வரிசையாகக் கேட்டு, சொல்கிற எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும் சங்கதி! ஒருத்தர்கூட நேராக ஒரு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "நல்லாத்தாம்மா இருக்கு" என்பார்கள். நல்லா என்றால் எத்தனை என்று கேட்டால், "நீயே பாத்துப் போட்டுக்கோ" என்பார்கள். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், "பத்துக்குப் பத்து நான் பெத்த பிள்ளைக்கே போட்டதில்ல" என்று எல்லாவற்றுக்கும் ஆறரை போட்டார். எங்கள் கம்ப்யூட்டரோ அரையை வாங்காது. ஏரலில் ஒரு அம்மா, "மருமவ வாங்கித் தந்த போனு. கொறச்சுச் சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிருமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை அந்த அளவுக்குக் கம்மி. போனை மியூட்டில் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரை ஊர்களுக்குப் போன் போட்டால், பாதி நேரம் வருகிற பதில் "ஆத்துல இருக்கேன், பொறவு கூப்பிடு" என்பதுதான். குளிக்கப் போனாலும் போனைப் படித்துறையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். மணி அடித்தால் சொட்டச் சொட்ட ஏறி வந்து எடுப்பார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதுமே நாங்கள் சிரித்துக்கொண்டு, "சரி, குளிச்சிட்டு வாங்க" என்று வைத்துவிடுவோம். 'பிறகு அழைக்கவும்' என்று திரையில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால், கொஞ்ச நேரம் கழித்து அந்த எண் எங்களில் யாராவது ஒருத்திக்கு மறுபடி வரும்.

அன்றைக்கு ஊரில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் மேற்கே மலையில் மழை கொட்டியிருக்கிறது என்று காலையிலேயே பேச்சு. மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் முக்கூடல் பக்கத்து எண் ஒன்று எனக்கு வந்தது. 'ஆற்றில் குளிக்கிறார், பிறகு அழைக்கவும்' என்று குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பைப் போட்டவள் பக்கத்து சீட்டுக்காரி, என் உயிர்த்தோழி. சரி, மனுஷர் இந்நேரம் தலை துவட்டியிருப்பார் என்று கூப்பிட்டேன்.

வெகுநேரம் அடித்தது. கட் ஆகப்போகும் நேரத்தில் எடுத்தார். எடுத்ததுமே காதில் இரைச்சல்!

"ஆத்துல இருக்கேன் தாயி! ஆத்துல இருக்கேன்!"

"இன்னுமா குளிக்குதிய அண்ணாச்சி? பைய குளிச்சிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், விரல் பட்டன் மேல் இருந்தது.

"வச்சிராத தாயி! வச்சிராத! முன்ன ஒரு பிள்ளையும் இப்படித்தான் வச்சிட்டு! நான் குளிக்கல, நடு மண்டபத்துல மாட்டிக்கிட்டேன். தண்ணி ஏறுது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விரலை வெடுக்கென்று எடுத்தேன்.

அவர் கத்திக் கத்திச் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். மனுஷர் வாழைக்காய் வியாபாரி. மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். லீவில் வந்தபோது அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "நம்ம ஆத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா" என்று அவள் கேட்டாளாம். உடனே இவர் முழங்கால் தண்ணீரில் நடந்து, ஆற்றுக்கு நடுவே நிற்கிற கல் மண்டபத்தில் ஏறிவிட்டார். போட்டோ எடுத்தார், தன்னையும் எடுத்தார், ஆசை தீரவில்லை, வீடியோவும் எடுத்தார். திரும்பிப் பார்த்தால், வந்த வழியில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது! இறங்கிப் பார்த்திருக்கிறார். காலை வாரி இழுத்துவிட்டது. எப்படியோ தூணைப் பிடித்து மறுபடி ஏறிக்கொண்டார். கரையில் ஒரு ஈ காக்கை கிடையாது.

"அண்ணாச்சி, வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், ஆற்று இரைச்சலையும் மீறி ஒரு கத்து கத்தினார். "எங்க போட? ரேகை வச்சாத்தான் இந்தச் சனியன் தொறக்கும்! வெரலு நனைஞ்சு ஊறிப்போச்சு, நீ யாருன்னு என்னையே கேக்குது! கோடு போட்டுத் தொறக்குத வழி எம்மவளுக்குத்தான் தெரியும். வார போன எடுக்கத்தான் முடியுது. அதுவும் இழுக்க இழுக்க வழுக்குது!"

வீட்டு நம்பரைக் கேட்டேன். பழைய போனில் இருந்ததாம். மனசில் ஒரு நம்பர்கூட இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? என் அம்மா நம்பரே எனக்குத் தெரியாது!

பூட்டிய திரையிலேயே ஓரத்தில் அவசர அழைப்புக்கு ஒரு இடம் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் இந்தப் போனை வைக்க வேண்டும். வைத்தபிறகு அந்த ஈரக் கைக்கு அது சிக்கவில்லை என்றால்? நான் திரும்பக் கூப்பிட்டு அவரால் எடுக்க முடியவில்லை என்றால்? எனக்குத் தைரியம் வரவில்லை. வைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து சீட்டுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். என் ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன். கேட்டாளோ இல்லையோ, முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "நான்தானேட்டி வச்சேன்... நான்தானே வச்சேன்" என்று உதறினாள். "அழுகைய அப்புறம் வச்சுக்கலாம், தீயணைப்புக்குப் போன் போடுட்டி!" என்று அதட்டினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் சொந்தப் போனில் போட்டாள்.

இதற்குள் என் திரையில் பேச்சு நேரம் சிவப்பாகிவிட்டது. ஒரே ஆளிடம் ரொம்ப நேரம் பேசினால் அப்படி ஆகும். டீம் லீடர் விறுவிறுவென்று வந்தார். "என்னம்மா, சொந்தக்காரங்களா? கதை பேசுதிய?" என்று ஆரம்பித்தார். நான் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டேன். ஆற்று இரைச்சல் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. மனுஷர் அப்படியே நின்றுவிட்டார்.

தீயணைப்புக்காரர்கள் எந்த மண்டபம் என்று கேட்டார்கள். அந்த ஆற்றில் மண்டபத்துக்கா பஞ்சம்! நான் அண்ணாச்சியிடம் கேட்க, அவர் சொல்ல, தோழி அதைத் தீயணைப்புக்குச் சொல்ல, அவர்கள் திருப்பிக் கேட்க, ஒரே களேபரம். "கரையில ஒரு நீலப் பெயிண்ட் அடிச்ச பம்புசெட்டு ரூமு! ரைஸ்மில்லு பக்கத்துல எறங்கி வாழைத்தோப்பு வழியா வரணும்! வண்டி வராது, நடந்துதான் வரணும்!" ஒருவழியாக, இடம் புரிந்துவிட்டது, கிளம்பிவிட்டோம் என்றார்கள்.

இனிமேல்தான் கஷ்டமே. அவர்கள் வந்து சேரும்வரை என்ன செய்ய? "பேட்டரி செவப்புல நிக்கி தாயி" என்றார். பேசாமல் இருங்கள், சார்ஜ் மிஞ்சும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

"தாயி, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"ஏதாவது பேசு. சும்மா இருந்தா தண்ணியத்தான் பாக்கச் சொல்லுது. முட்டுக்கு மேல வந்துட்டு."

என்ன பேச? என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ, ஒரு வார்த்தை வரவில்லை. நாளெல்லாம் வாயாடுகிறவள், திருதிருவென்று முழித்தேன். எதிரே திரையில் கேள்விகள்தான் இருந்தன. ஒன்றும் தோன்றாமல் அதையே வாசித்தேன்.

"அண்ணாச்சி... உங்க புதுப் போனோட கேமராவுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உயிருக்குப் போராடுகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது! அவரோ, நம்ப மாட்டீர்கள், சிரித்தார்!

"கேமராவாலதான இங்கன வந்து நிக்கேன்! ஆனா படம் நல்லாத்தான் விழுந்துது. எட்டு போடு."

எட்டு தட்டினேன்.

"கைரேகைப் பூட்டுக்கு?"

"சைபர்! அதுக்கும் கீழ ஏதாவது இருந்தா அதப் போடு!"

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், மொத்த ஆபீசும் என் சீட்டைச் சுற்றி நிற்கிறது. அழுகிறவர்களும் சிரிக்கிறார்கள்.

"பேசுறப்ப சத்தம் தெளிவா கேக்குதா அண்ணாச்சி? அதுக்கு எத்தனை?"

"இந்த எரச்சல்லயும் நீ பேசுதது கேக்குல்லா! பத்து போடு. பத்துக்கு மேல போட விடுவாவளா?"

"தண்ணி பட்டாலும் கெடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு?"

"அதுவும் பத்து. போனுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் அப்படி ஒரு கவர் போடாம விட்டுட்டாவ!"

எங்கள் ஊர்க்காரர்கள் எண் சொல்ல மாட்டார்கள் என்று நான் புலம்பினேனே, இந்த மனுஷர் கேட்டதும் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். நடுவில் ஒருதரம் குரல் உடைந்து, "மவ போட்டோவுக்குப் பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். நான் அவசரமாக, "திரை வெளிச்சத்துக்கு எத்தனை அண்ணாச்சி?" என்றேன். குரலைக் கனைத்துக்கொண்டு, "ஒம்பது" என்றார். அடுத்து பேட்டரி. கேட்கவா வேண்டாமா என்று தயங்கினேன்.

"தாயி! கரையில ஆளு! ஆளு தெரியுது! எய்யா! இங்கன! இங்கன இருக்கேன்!"

அவ்வளவுதான். லைன் கட் ஆகிவிட்டது.

உடனே கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். பேட்டரி போனதா, போன் கையை விட்டுப் போனதா, ஆளே போய்விட்டாரா, ஒன்றும் தெரியாது. தோழி என் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள். டீம் லீடர் ஜன்னல் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். எவ்வளவு நேரம் ஆனதென்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

தோழியின் போன் அடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவருடைய நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள். "ஒரு நிமிசம்மா, இவர்ட்ட குடுக்கேன்" என்றது ஒரு குரல். அப்புறம் பல் தந்தியடிக்கிற சத்தத்தோடு அண்ணாச்சியின் குரல் வந்தது.

"தாயி... கரையில இருக்கேன்."

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல! யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. மேஜையைத் தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். நிமிஷத்தை எண்ணி எண்ணி வேலை வாங்குகிற டீம் லீடர் என் தலையில் கை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை. சிரிப்பும் கூடவே வந்தது. கயிற்றைக் கட்டி, டயர் டியூபைப் போட்டு இழுத்தார்களாம். தோளில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் தோழியையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். அண்ணாச்சியைப் பார்த்தால் ஆள் என் கற்பனைக்கு நேர்மாறு. ஒல்லியாக, கூச்ச சுபாவமாக இருந்தார். எங்கள் எதிரில் உட்காரவே வெட்கப்பட்டார். "போன்ல மட்டும் என்ன பேச்சு பேசினிய!" என்று நான் கிண்டல் பண்ண, அவருடைய மனைவிதான் பதில் சொன்னார். "பயந்தா இந்த மனுசனுக்கு வாய் நிக்காது. அன்னைக்கு அதக் கேக்க நீ இருந்தியே" என்று சொல்லி என் கையைப் பிடித்தவர், சாப்பிட்டு முடிக்கும்வரை விடவில்லை. என் இடது கை அவரிடமே இருந்தது, அப்பளத்தைத் தோழி உடைத்துக் கொடுத்தாள். மஸ்கட்டிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள். எங்களைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இன்றைக்கும் பேச்சு நேரம் சிவப்பாகிறது, இன்றைக்கும் திட்டு விழுகிறது. பரவாயில்லை. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, அவர் எங்கே, எந்த நிலையில் நின்று பேசுகிறாரோ என்று என் விரல் தன்னால் பின்னுக்கு வந்துவிடுகிறது; யாராக இருந்தாலும், பேசி முடிக்கும்முன் வைத்துவிட என்னால் முடிவதே இல்லை.