பெயருக்கு எதற்கு வால்?

பேருந்து வந்து நின்றதும் எல்லோரும் முண்டியடித்து ஏறுகிறோம். போர்டு அக்கா மட்டும் பின்னால் நகர்ந்து, கழுத்தைச் சாய்த்து, நிறுத்தத்துக் கம்பத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். “இருங்கண்ணே, எங்க ஓடிப் போயிடப் போகுது” என்கிறார் அக்கா, ஓடுவதற்கென்றே இருக்கிற வண்டியைப் பார்த்து. நேற்றும் இதே பலகையைத்தான் எடுத்தார். கேட்டால், ராத்திரியில் யாராவது மாற்றி எழுதியிருந்தால் என்ன செய்வது என்பார்.

அக்கா எங்கள் கீழ்வீட்டுக்காரர், சலவைக்கடையில் வேலை. வந்து விழும் துணியில் எல்லாம் உரிமையாளர் பெயரெழுதித் துண்டுச்சீட்டு குத்துவது அவர் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு சீட்டில் ‘நீலச் சட்டை’ என்று எழுதிவிட்டாள். “நீலமா இருக்கிறது எனக்கே தெரியுது. யாருதுன்னு எழுது” என்று சொல்லி அக்கா அதைக் கிழித்துப் போட்டார்.

அதே கண்தான் வரைபடத்தின் மேலும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஊர்க்காரர்களே சேர்ந்து போடுவது. சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. எங்கள் நிறுத்தத்தை ஒருவர் ‘தண்ணீர்த் தொட்டி’ என்று குறிப்பார், அடுத்தவர் ‘வாட்டர் டேங்க்’ என்பார், இன்னொரு புண்ணியவான் ‘மாமா கடை’ என்று எழுதிவிட்டுப் போவார். பல்லிடுக்கில் நார் சிக்கியதுபோல் அக்கா தவித்துப் போவார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வார்.

அந்த வரைபடக் குழுவில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். சாலையின் இரு புறமும் ஒரே பெயரில் நிறுத்தங்கள் இருப்பதால், ‘தண்ணீர்த் தொட்டி, போகும் பக்கம்’ என்றும் ‘தண்ணீர்த் தொட்டி, வரும் பக்கம்’ என்றும் ஊர் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார். அக்கா வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினார். “பேருக்கு எதுக்கு வாலு? பலகையில என்ன இருக்கோ, அதான் பேரு.” வாத்தியார் எவ்வளவோ மன்றாடினார். வாக்கெடுப்பு நடந்தது, அக்கா ஜெயித்தார். விடுமுறையன்று டீ ஆறி ஆடைகட்டியதுகூடத் தெரியாமல் ஊரிலுள்ள வால்களை எல்லாம் வெட்டித் தள்ளினார். எனக்குக் காட்டினார். இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது என்று நானும் ஏற்றிவிட்டேன்.

அக்காவின் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். யார் துணையும் இல்லாமல் பேருந்தில் போய்வருவார். அவருடைய கைப்பேசி அந்த வரைபடத்தைப் படித்து, பக்கத்தில் வரும் நிறுத்தத்தின் பெயரைக் காதில் சொல்லும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே அக்காதான். வீடு திரும்பும்போது, சிக்னலுக்கு முன்னால் சாலையின் எதிர்ப்புறத்து நிறுத்தம் வரும். நாங்கள் இறங்க வேண்டிய, எங்கள் பக்கத்து நிறுத்தம் சிக்னலைத் தாண்டி. கைப்பேசி இரண்டையும் சொல்லும்.

வால் போன மறுநாள் மாலை நானும் அதே பேருந்தில் பின்னிருக்கையில் இருந்தேன். சிக்னலில் வண்டி நின்றது. அண்ணன் எழுந்தார், கம்பியைப் பிடித்தார், தினமும் இறங்குவதுபோல நிதானமாக இறங்கினார். நடுச்சாலையில் இறங்கினார்.

நான் எழுந்து வாசலுக்கு ஓடி வருவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அவருக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் சீறிக்கொண்டு கிளம்பின. ஒரு பைக் அவருடைய கோலை முறித்து இழுத்துக்கொண்டு போனது. அவர் அசையாமல், கைகளை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு அவரைக் கைத்தாங்கலாக இழுத்து வந்தார்.

நான்தான் அவரை வீட்டில் கொண்டு சேர்த்தேன். அக்கா கதவைத் திறந்து, முறிந்த கோலைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னார்: “அந்த வாலைப் புடிச்சிட்டுத்தாம்மா நான் தெனமும் எறங்கிட்டு இருந்தேன்.”

அக்கா கைப்பேசியை எடுத்தார். இரண்டு தடவை தப்பாகத் தட்டி, மூன்றாம் தடவை எங்கள் நிறுத்தங்கள் இரண்டுக்கும் வாலை ஒட்டினார்.

மறுநாள் மதியம் பார்த்தால் வால் மறுபடியும் இல்லை. கணக்கு வாத்தியார்தான் எடுத்திருந்தார். ‘பலகையில என்ன இருக்கோ, அதான் பேரு’ என்று அக்கா குழுவில் எழுதியிருந்த வாக்கியத்தையே, மேற்கோள் குறிக்குள், ஒரு எழுத்துப் பிசகாமல் காரணமாகக் காட்டியிருந்தார். கீழே வணக்கம் வேறு. அக்கா கடையிலிருந்தே நடந்ததை எல்லாம் எழுதினார். வாத்தியார் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் விதி விதிதானே, மறுபடி வாக்கெடுப்பு வைத்துத்தான் மாற்ற வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்கள் மற்றவர்கள். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் பேசியதும் அக்காதான்.

ஒரு வாரம் லீவு போடச் சொல்லி அக்கா அண்ணனிடம் கெஞ்சினார். அவர் கேட்கவில்லை; மறுநாளே புதுக் கோலோடு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சிக்னல் வந்தது. அவர் காதுக்குள் கைப்பேசி பெயரைச் சொல்வது எனக்கும் மெல்லக் கேட்டது. அவர் எழவில்லை. சிக்னலைத் தாண்டியதும் கைப்பேசி அதே பெயரை அதே குரலில் சொன்னது. அப்போதும் அவர் எழவில்லை, நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

நான் அவர் கையைப் பிடிக்கப் போனபோது வெளியே டங் டங் என்று சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சலவைக்கடையிலிருந்து கையோடு கொண்டுவந்த இரும்பு ஹேங்கரால் போர்டு அக்கா நிறுத்தத்துக் கம்பத்தை அடித்துக்கொண்டிருந்தார். பலகை அதிர்ந்து ஆடியது. அக்கா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேருந்தின் வாசலையே பார்த்து, அண்ணனின் கால் தரையில் படும்வரை அடித்தார்.