கோமாரி என்று சொன்னேன்

நேற்று திருத்தணியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்தில் ஒரு ஓட்டலுக்குள் ஒதுங்கினேன். உள்ளே வருகிறவர்கள் வழுக்கி விழாமலிருக்க வாசலில் ஒரு சணல் சாக்கை விரித்துப் போட்டிருந்தார்கள். முருகனைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த கூட்டம் மொத்தமும் அதில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தது. நனைந்த சாக்கின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கொஞ்சம் தவிடு, கொஞ்சம் பூஞ்சை, கொஞ்சம் மாட்டின் முதுகு. அது மூக்கில் ஏறியதும் இட்லியை அப்படியே வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர், "சாம்பார் ஊத்தட்டுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, இவன் சரியில்லை என்று நினைத்தவராகப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள். போன் அதுவாகவே அலறி எச்சரிக்கிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் புயல் என்பது கடற்கரைக்காரர்கள் சமாசாரம். கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் மானாவாரி ஊர் எங்களுடையது. வேர்க்கடலையும் மாடும்தான் பிழைப்பு. நாங்கள் மழை வரவில்லையே என்று அழுகிற கூட்டம், வந்து கொல்லும் என்று யாருக்குத் தோன்றும்?

மாடு குளிரில் சாகுமா என்று பட்டணத்து நண்பர்கள் கேட்கிறார்கள். சாகும். மூன்று நாள் விடாமல் ஊதக்காற்றும் மழையும் சேர்ந்து அடித்து, தின்ன ஒரு பிடி காய்ந்த வைக்கோலும் இல்லாமல் போனால் நின்ற இடத்திலேயே நடுங்கும். பிறகு படுக்கும். படுத்த மாடு எழுந்திருக்காது. அதனால்தான் மாட்டைப் படுக்க விடாதே என்பார்கள். சாக்கு போர்த்தி, வைக்கோல் பிரியால் முதுகைத் தேய்த்து, புகைமூட்டம் போட்டு, சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஞ்சியைச் சூடாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரிய டாக்டர் மாதிரி சொல்கிறேன். அப்போது நான் அரக்கோணத்தில் கால்நடை மருந்து விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். வேலை என்றால், டாக்டர் சீட்டைப் பார்த்து அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பது. ஆனால் சனிக்கிழமை பஸ் இறங்கி ஊருக்குள் நடந்தால், 'எங்க எருமை சாணி கட்டிக்கினு கீது, இன்னா குடுக்கலாம்?' என்று நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். எனக்கும் ஒரு மிதப்பு. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன். எனக்கு ஒன்றுதான் வாய்த்தது.

எங்கள் வீட்டில் மாடுகளை வாரத்துக்கு விடும் வழக்கம் இருந்தது. மாடு எங்களுடையது. வளர்ப்பது காலனியில் ஒருவர். பாலில் பாதிப் பாதி. முதல் ஈற்றுக் கன்று எங்களுக்கு, அடுத்தது வளர்த்தவருக்கு, இப்படி மாறி மாறி. எங்கள் செவலையை அப்படி வளர்த்தவள் தேசம்மா. எங்கள் கழனியில் களை எடுக்க வருவாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவளை வா போ என்றுதான் கூப்பிட்டேன். பாருங்கள், இப்போது எழுதும்போதுகூட 'அவர்' என்று கை வரமாட்டேன் என்கிறது.

செவலையின் இரண்டாவது கன்று தேசம்மாவின் பங்குக்கு வந்தது. வெள்ளைக் கிடாரி. வெள்ளச்சி என்று பெயர் வைத்து, தன் பிள்ளைகளோடு நாலாவதாக வளர்த்தாள். அவள் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக மாடு இருந்ததில்லை. புயல் வந்த கார்த்திகையில் வெள்ளச்சி தலைச்சன் சினை. கன்று போட்டால் பால் முழுக்க அவளுக்குத்தான், யாருக்கும் பாதி கொடுக்க வேண்டாம். களத்துமேட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழையின் இரண்டாம் நாள் மத்தியானம், காலனியில் கூரைகள் பிய்த்துக்கொண்டு போக ஆரம்பித்தன. எங்கள் கொட்டகை ஓடு வேய்ந்தது, மூன்று பக்கமும் கல் சுவர். எட்டு மாடு கட்டலாம். கட்டியிருந்தது ஐந்து. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவும் நானும் மூட்டம் போட்டுக்கொண்டு, கண் எரிய உட்கார்ந்திருந்தோம். கேட்டில் சத்தம் கேட்டு எழுந்து போனேன்.

தேசம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் செவலையின் கயிறு, இன்னொரு கையில் வெள்ளச்சியின் கயிறு. தலையில் யூரியா பை. இரண்டு மாட்டின் முதுகிலும் சாக்கைக் கட்டியிருந்தாள்.

"சின்னவரே, ஊடு போயிடிச்சி. மாட்ட மட்டும் கட்டிக்கிறேன்" என்றாள்.

நைனா கொட்டகைக்குள்ளிருந்தே பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா?" என்றார்.

நான் சொன்னேன்: "செவலைய உள்ள உடு. அது வேணாம். காலனி மாட்டுக்கெல்லாம் கோமாரி கீதுன்னு கடையில பேசிக்கிறாங்க. ஒட்டிக்கும்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "ரெண்டும் ஒரே தொட்டியில தண்ணி குடிக்குதுங்களே, சின்னவரே. தாயும் புள்ளையுங்க" என்றாள்.

பதில் இல்லாதவனுக்குக் கோபம் வரும், கவனித்திருக்கிறீர்களா? "ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். நைனா மெதுவாக, "அவன் படிச்சவன், சொல்றான்ல" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோமாரி நோயைப் பற்றிக் கடையில் யாரும் பேசவில்லை. மாடு உள்ளே வந்தால் மாட்டுக்காரியும் கூட நிற்பாள். கூரை போன பிறகு அவள் பிள்ளைகளும் வரும். அந்தக் குளிரில் ஒரு குழந்தை நடுங்கினால் கொட்டகையோடு நிறுத்த முடியாது, வீட்டுக்குள் விட வேண்டியிருக்கும். நாளைக்குத் தெருவில் நாலு பேர் பேசுவார்கள். நைனாவின் மனதிலும் அதுதான் ஓடியது. வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். அவருக்குத் தேவைப்பட்ட கௌரவமான வார்த்தையை மகன் எடுத்துக் கொடுத்தான்.

தேசம்மா செவலையின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். வெள்ளச்சியை ஓட்டிக்கொண்டு மழையில் திரும்பிப் போனாள். செவலை கேட்டையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. கஞ்சி காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'இதுக்கு இன்னா திமிரு' என்று நைனா திட்டினார்.

மறுநாள் பகலில் காற்று அடங்கியது. நான் காலனிப் பக்கம் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தேசம்மாவின் குடிசையில் ஒரு மண்சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் மறைவில் வெள்ளச்சி கிடந்தது, வயிறு உப்பி, கால்கள் விறைத்து. முதுகில் சாக்கு, அதன் மேல் ஒரு போர்வை, அதன் மேல் ஒரு சேலை. வீட்டிலிருந்த துணி அவ்வளவும் அதன் மேல்தான் கிடந்தது. பிள்ளைகள் யூரியா பைகளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

தேசம்மா அழவில்லை. என்னைப் பார்த்ததும், "செவல குடிச்சிச்சா?" என்று கேட்டாள். "தவிடு போட்டுக் குடுங்க. வெறுங்கஞ்சி அது குடிக்காது."

வீட்டுக்கு வந்து தவிடு கரைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தது.

புயலுக்குப் பிறகு எங்கள் கொட்டகையிலேயே நின்றுவிட்ட செவலை தை மாதம் கன்று போட்டது. முறைப்படி அது எங்களுக்குரிய கன்று. நைனா ஆள் அனுப்பி தேசம்மாவை வரவழைத்தார். "தாயையும் புள்ளையையும் ஓட்டிக்கினு போ. இந்தக் கன்னும் ஒனக்கே இருக்கட்டும்" என்றார். அவர் அப்படித் தாராளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தேசம்மா கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"வேணாங்க, பெரியவரே. எங்க பக்கம் கோமாரி கீதுன்னு சின்னவரு சொன்னாரு. உங்க மாட்டுக்கு எதனா ஆயிடப் போவுது."

சிரிக்காமல் சொன்னாள். குரலை உயர்த்தவுமில்லை. நான் உள்ளே இருந்தேன். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அதன் பிறகு காலனியில் யாரும் எங்கள் வீட்டு மாட்டை வாரத்துக்குப் பிடிக்கவில்லை. நைனா மூன்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு வீட்டில் கால் வலி என்றார்கள், ஒரு வீட்டில் இடமில்லை என்றார்கள், மூன்றாவது வீட்டில் பதிலே இல்லை. மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. தேசம்மா குடும்பத்தோடு சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். எந்த இடம் என்று நான் விசாரித்துக்கொள்ளவில்லை. விசாரித்திருந்தாலும் போய் நின்றிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இன்று எங்கள் தெருவில் ஒரு மாடுகூடக் கிடையாது. பால் பாக்கெட்டில் வருகிறது. காலனியில் எல்லாம் தளம் போட்ட வீடு, யாரும் யாரிடமும் ஒதுங்க இடம் கேட்க வேண்டியதில்லை. அது ஒன்றுதான் நல்லது. மேய்ச்சல் நிலம் மனையாகிவிட்டது, பிள்ளைகள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அதனால் மாடு போயிற்று என்று ஊரில் சொல்கிறார்கள். மற்ற வீடுகளுக்கு அது உண்மையாக இருக்கலாம். நைனாவும் சாகும்வரை, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "மேய்க்க ஆள் கெடைக்கல, வித்துட்டோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன்.