வெள்ளிக் கிரகத்துக்கான நேர்காணல்

கொட்டாஞ்சேனை டியூட்டரியில் பௌதிகவியல் படிப்பித்த ஜீவராஜுக்கு அன்று பின்னேரம் ஆன்லைனில் நேர்காணல். வெள்ளிக் கிரகத்துக்குப் போகவிருக்கும் விண்கலம் ஒன்றின் ஆய்வுக் குழுவில் சேருவதற்கு. வீட்டுக்கு நடந்து வந்தவனை முச்சக்கரவண்டியில் வந்த மூவர் மறித்து வாளால் வெட்டினார்கள். தடுத்த இடக்கை பிளந்தது. விழுந்தவனின் விலாவில் மாறிமாறி உதைத்தார்கள். தலைமயிரைப் பிடித்து முகத்தைத் திருப்பிய ஒருவன் கத்தினான்: "டேய், இவன் அவனில்லடா!" மூவரும் ஓடிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டதும் மனைவி சுபாஷினியிடம் போனைக் கேட்டான்.

"உங்களுக்கென்ன விசரா? இன்னும் ரத்தம் நிக்கேல்ல!"

"நீ பிடி, நான் கதைக்கிறன்."

வெள்ளியில் எரிமலைகள் இன்னும் வெடிக்கின்றனவா என்று நேர்காணலில் கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னான்.

குழுவில் இடம் கிடைத்தது. இடக்கையில் இரண்டு விரல்கள் மட்டும் பிறகு மடங்கவேயில்லை. வெட்டியவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.