குப்புறக் கிடந்த படை

அவருடைய பட்டப்பெயர் பிணமேஸ்திரி. கேட்டால் குலை நடுங்கும். ஆள் என்னவோ பரம சாது. பேசாத படங்களின் காலத்தில், சண்டைக் காட்சிகளில் விழுகிறவர்களை ஒழுங்காகச் சாக வைப்பதுதான் அவர் வேலை. பிணம் கண்ணிமைத்தால் போச்சு, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதனால் ஒரே சட்டம் போட்டிருந்தார்: செத்தவன் முகம் மண்ணைப் பார்த்துத்தான் கிடக்க வேண்டும்.

ஊர் உலகமெல்லாம் அறிந்த ஒரு போரைப் படமாக்கியபோது ஆள் பற்றவில்லை. கல்யாணமாகி எட்டே மாதமான மனைவியைக் கூட்டிவந்து, கவசம் மாட்டி, மீசை ஒட்டி நிறுத்தினார். "எப்படி, உங்களைவிட எனக்குத்தானே எடுப்பா இருக்கு?" என்று அவள் வம்புக்கு இழுத்தாள். மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை, மடையன். அந்தப் படமும் எங்கோ தொலைந்து போனது. ஐம்பத்தைந்து வருடத் தனிமையைக்கூடத் தாங்கிக்கொண்டார். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் திரைப்படக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். "ஐயா, அந்தப் படத்துல ஒரு சுருள் கிடைச்சிருக்கு. அதுல வேலை செஞ்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. வந்து பாக்குறீங்களா?"

"என் சம்சாரம் அதுல இருக்காம்மா," என்றார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார்.

திரையில் புகை, குதிரைகள், ஓட்டம். பிறகு போர் முடிந்த களத்தின்மேல் கேமரா மெல்ல நகர்ந்தது. நாற்பது பிணங்கள். நாற்பதும் குப்புற.

"என்ன ஒழுங்கு பாருங்க! ஒருத்தர்கூட அசையலையே!" என்று அந்தப் பெண் வியந்தாள்.

தன் கெட்டிக்காரத்தனத்தை அவர் மனதாரச் சபித்தார். மூன்று முறை ஓட்டச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே கவசம்.

"உங்க சம்சாரம் எது, ஐயா?"

தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஓரமாக ஒல்லியாகக் கிடந்த ஒரு முதுகைக் காட்டி, "இவதாம்மா," என்றார்.

காப்பகப் பெண் அதைப் பெரிதாக்கி, புகைப்படமாகவே கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாட்டிவிட்டு வெகுநேரம் எதிரே நின்றார்.

"ஆள் மாறியிருந்தா கோவிச்சுக்காதே," என்றார். "உன்னை அப்படிப் படுக்கச் சொன்னதே நான்தான்."