சுரங்கத் தூசிக்குப் போட்ட கையெழுத்து

சுரங்கப்பாதை வேலை நடக்கும் இடத்தில் அவளுக்குத் 'தூசியக்கா' என்று பெயர். மலையைக் குடையும்போது எழும் சத்தம், அதிர்வு, காற்றில் பறக்கும் தூசி மூன்றையும் அளந்து அறிக்கை எழுதுவது அவள் உத்தியோகம். உள்ளே போகிறவர்களில் நாலு பேரின் இடுப்பில் தினமும் ஒரு சின்ன பம்ப்பைக் கட்டிவிடுவாள். அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக் காலர் வரை ஏறும். அதன் முனையில் காசளவு ஃபில்டர் தாள். ஷிப்டு முடிந்ததும் தாளை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், அந்த ஆள் அன்றைக்கு எவ்வளவு கல்தூசி தின்றான் என்று தெரிந்துவிடும். அளவு மீறினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. ஆரம்பத்தில் இரண்டு முறை நிறுத்தியும் இருக்கிறாள். நின்ற நாளுக்குக் கூலி கிடையாது என்பதால் ஆட்கள் அவளை முறைத்துக்கொண்டே போனார்கள்.

தங்கையின் கணவன் அங்கேதான் பாறையில் துளை போடுகிறவன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவன் வாயைத் திறந்தால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்கா தன்னை மாப்பிள்ளை மாதிரி சோடித்து அனுப்புவதாக பம்ப்பைத் தட்டிக் காட்டுவான்.

ஒருநாள் இமையெல்லாம் மாவு அப்பினாற்போல வெளியே வந்தான். அவனுடைய தாளோ வெள்ளை வெளேரென்று இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். பம்ப்பைக் கழற்றி, சுரங்கத்துக்குள் வெளிக்காற்றை ஊதுகிற பெரிய குழாயின் வாயில் தொங்கவிட்டதை அவன் மறைக்கவில்லை. நாலு பேரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"நிறுத்திட்டா நாங்க எங்கக்கா போவோம்? ரெண்டு மாசத்துல இந்த மலை முடிஞ்சிடும். கண்டுக்காதீங்க."

அவள் கண்டுகொள்ளவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மாதம் பதினான்கு மாதமாக இழுத்தது. அவளும் போட்டுக்கொண்டே இருந்தாள். மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் வருடம் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டபோது, காற்று சுத்தமாகத்தான் இருந்தது என்று கம்பெனி எடுத்து நீட்டியது அவளுடைய அறிக்கைகளைத்தான்.

விசாரணைக்கு அவளாகவே போனாள். அந்த அளவுகள் பொய், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்குப் பொய் எழுதினவங்க இன்னிக்கு உண்மை சொல்றீங்கன்னு எதை வச்சு நம்புறது?"

"என்னை நம்ப வேணாம் சார். உள்ள வேலை பார்த்தவங்க நெஞ்சைப் படம் எடுத்துப் பாருங்க."

எடுத்தார்கள். முப்பத்தொரு பேரில், அவனைத் தவிரப் பதினொருவருக்கு அதே நோய். நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வருவதற்கு ஐந்து வாரம் முன்பே அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தான். அவள் வேலையும் போனது. வேறெந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை தலை நிமிராமல் கேட்டாள்.

"அவரு சொன்னாருன்னு விட்டியா, இல்ல மத்தவங்க முறைச்சாங்கன்னு விட்டியா?"

"ரெண்டுந்தான்."

தங்கை துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தப் பதினொருவரின் மனைவிமார் மட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் படிவம் நிரப்ப அவளைக் கூப்பிடுகிறார்கள். அவளும் மறுக்காமல் போகிறாள்.